உள்ளம் திரும்புமா?

தோழனே! வங்கத்தார் இலிசு என்று போற்றும் மீனுக்குத் தமிழில் உள்ளம் என்று பெயர். கடலில் வளரும், முட்டையிட ஆற்றை எதிர்த்து ஏறும். ஆவூருக்கு வடக்கே ஓடும் காவிரியிலும் ஏறிற்று. 1934-இல் மேட்டூரில் எழுந்தது அணை. அருகியது உள்ளத்தின் வரவு!

கங்கையிலே 1975-இல் பரக்கா தடுப்பணை வழியை அடைத்தது. அலகாபாத்வரை வலைஞர் வாழ்வு வாடிற்று. இன்றோ, மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அணைக்கு மேலே உள்ளத்தை விடுகின்றனர். சிலவற்றுக்கு அடையாளச் சீட்டும் பொருத்துகின்றனர். ஏன்? விட்டது எத்தனை என்பதன்று, பிழைத்தது எத்தனை என்பதே கணக்கு!

அணை கூடாதென்போமா? அல்ல! வயலுக்கு நீர் வேண்டும். மீனுக்கு வழியும் வேண்டும். கொள்ளிடத்திலே மீன்வழி கேட்போம். குஞ்சு விடும் விழாவோடு நில்லாது, ஆண்டுதோறும் கணக்கும் கேட்போம்!