ஏலமேறும் கடமை

2021 மார்ச்சில், அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில், ஜிஎம்சி ஹம்மர் மின்சார டிரக்கின் முதல் வண்டி 25 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. பட்டியல் விலையோ ஏறத்தாழ 1,12,600 டாலர்தான். தொகை, உறுப்பிழந்த படைவீரர்க்கு வீடு கட்டித்தரும் டனல் டு டவர்ஸ் அறக்கட்டளைக்கு.

ஈகையைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆனால் ஹம்மர் என்னும் பெயரே ஹம்வீ என்ற படைவண்டியின் வழிவந்தது. ஈராக் போருக்குச் செல்லும் வண்டிகளின் கவசத்துக்காகக் குப்பைமேட்டில் இரும்பு பொறுக்க நேர்வது ஏன் என 2004 டிசம்பரில் ஒரு வீரர் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டிடமே கேட்டார்.

போருக்கு வரிப்பணம், புண்ணுக்கு நன்கொடையா? அரசின் உதவி உண்டென்பீர்கள். அது போதுமெனில் இந்த ஏலம் எதற்கு? கொடை விருப்பத்தைச் சார்ந்தது; கடன் அவ்வாறன்று. கடனைக் கொடையாக்கும் அரசு, தன் வீரனை இரவலனாக்குகிறது.