பிமலா நேசித்தது யாரை?

தாகூரின் ‘கரே பாயிரே’ (1916) நாவலைப் பயில்வோர் பெரும்பாலும் அதில் ஒரு முக்கோணத்தையே காண்கின்றனர். பண்பாளனான கணவன் நிகிலேஷ், வஞ்சகனான நண்பன் சந்தீப், இருவரிடையே தடுமாறும் பிமலா. மோகத்தைக் காதலென்று எண்ணி ஏமாந்தாள் என்ற தீர்ப்போடு வகுப்பறை விவாதம் முடிந்துவிடுகிறது. அம்மோகம் யார்மீது எழுந்தது என்ற கேள்வி எழுவதேயில்லை.

சந்தீப்பின் புகைப்படத்தை முன்னரே பார்த்திருந்த பிமலாவுக்கு அந்த முகம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கணவனிடம் பணம் பெறுபவன் என்ற எரிச்சலும் உண்டு. பின்னர், வங்கப் பிரிவினைக்கு எதிரான சுதேசிக் கிளர்ச்சியின்போது, அவன் உரையைத் திரைக்குப் பின்னிருந்து கேட்கிறாள். தன்னையறியாமல் திரையை விலக்குகிறாள். அவன் பார்வை அவள்மீது படுகிறது. தான் இனி ஜமீன் வீட்டு மருமகள் அல்லள், வங்கப் பெண்குலத்தின் பிரதிநிதி என்று அக்கணத்தில் உணர்கிறாள். இன்னும் ஒரு சொல்கூடப் பரிமாறவில்லை. அவள் கண்டது சந்தீப்பை அன்று. அவன் கண்களில் பேருருக் கொண்ட தன்னையே.

இதைச் சந்தீப் துல்லியமாகப் புரிந்துகொள்கிறான். தேனீக்களின் அரசி என்று பெயர் சூட்டுகிறான். இயக்கப் பணிகளுக்கு அவளிடம் யோசனை கேட்கிறான். நாடே அவள் உருவில் நிற்பதாகச் சொல்கிறான். வேட்கைக்குத் தேசபக்தி என்ற பெயர் கிடைத்தபின் குற்றவுணர்வுக்கு அங்கே என்ன வேலை?

முந்தைய இல்லறத்தில் மட்டும் அவள் காதலை அறிந்திருந்தாளா? விடியுமுன் எழுந்து, உறங்கும் கணவனின் பாதத்தூளியை எடுத்துக் கொள்பவள் அவள். அந்த வழிபாட்டில் நிகிலேஷுக்கு உடன்பாடில்லை. வணங்கியவள் வணங்கப்படுபவளாக ஆனாள், மாற்றம் அவ்வளவே. நிகராக நிற்கும் இன்னொரு மனிதரை அறிவது இரண்டிலும் நிகழவில்லை. நிகிலேஷும் இதில் முற்றிலும் குற்றமற்றவன் அல்லன். வெளியுலகைக் கண்டபின் அவளே தன்னைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென அவன் விரும்பியது உயர்ந்த எண்ணந்தான். ஆனால் அந்தப்புரத்திலேயே வாழ்ந்தவளை ஒரே நாளில் சோதனைக்களத்தில் நிறுத்திவிட்டு, அவன் கண்ணியமாக மௌனம் காக்கிறான். அந்தக் கண்ணியம் சில இடங்களில் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகவே தோன்றுகிறது.

ஓரகத்திகளுக்கென நிகிலேஷ் வழங்கி, பெட்டகத்தில் இருந்த 6,000 ரூபாய்ப் பொற்காசுகளைத் திருடிச் சந்தீப்பின் முன் வைக்கிறாள் பிமலா. அவன் முகத்தில் பேராசை ஒளிர்கிறது. அவளது மயக்கம் கலைகிறது. தேவியைவிட உண்டியலே பக்தனுக்குப் பெரிதாயிற்று! இங்கே தாகூர் சற்று எளிய வழியை நாடிவிட்டார் எனலாம். சந்தீப் பணத்தாசை அற்றவனாக இருந்திருந்தால் பிமலா எப்போது விழித்திருப்பாள்? அந்தக் கடினமான நாவலை அவர் எழுதவில்லை.

எனினும், அவளை அக்கா என்றழைக்கும் அமூல்யா என்ற இளைஞனின் பகுதிகள் அக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. களவுபோன பணத்தை ஈடுகட்டத் தன் நகைகளை அவனிடம் ஒப்படைத்த பிறகு, அவனுக்கு என்ன நேருமோ என்று பிமலா அஞ்சுகிறாள். அந்த அச்சத்தில் அவளது பிம்பம் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. நாவலில் முதன்முறையாக அவள் தன்னை மறந்து இன்னொருவரை நினைக்கிறாள். இறுதியில் கலவரத்திலிருந்து நிகிலேஷைத் தலைக்காயத்தோடு பல்லக்கில் கொண்டுவருகிறார்கள். அமூல்யாவின் நெஞ்சில் குண்டு பாய்ந்துவிட்டது என்ற செய்தியும் உடன் வருகிறது.