தலையெழுத்தும் மூளையின் மதிலும்

கர்ப்பத்திலிருக்கும் சிசுவின் தலையிலே பிர்மா எழுதுகிறான் என்கிறார்களே, அங்கே மெய்யாக நடக்கும் வேலை என்ன? மூளைக்குள் புகும் இரத்தக் குழாய்களின் சுவரணுக்களுக்கு மூளையணுக்களே செய்தி அனுப்பி, இடுக்கில்லாமல் ஒன்றோடொன்று இறுகச் செய்கின்றன. குழாயை வெளியே தழுவி நிற்கும் வேறுவகை அணுக்களும் இதற்கு வேண்டியிருக்கின்றன என்பதை 2010-இல் எலிக்கருவில் கண்டார்கள். பிறக்கு முன்பே மதில் எழும்பி விடுகின்றது. சர்க்கரைக்கு வாசலுண்டு, பல விஷங்களுக்குத் தடையுண்டு. சாராயத்துக்கோ தடையில்லை, இது காரைக்கால்வாசிகள் கவனிக்க வேண்டியது!

ஆனால் காமாலை மிஞ்சினால், அதிலும் குறைமாதக் குழந்தையானால், இரத்தத்திலுள்ள மஞ்சள் பொருள் மதிலைத் தாண்டி மூளையில் படியும். காது கேளாமற் போகும், கைகால் முறுக்கும், உயிரும் போகலாம். நீல வெளிச்சம் அம்மஞ்சளைக் குறைப்பதை இங்கிலாந்து வைத்தியர்கள் 1958-லேயே எழுதிவிட்டார்கள். காரைக்காலிலும் சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கின்றது. இருந்தும் மஞ்சளித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருநள்ளாற்றுக்கு எள் விளக்கேற்ற ஓடுகிறவர்களைக் கேட்கின்றோம்: அந்த விளக்கு வெளிச்சத்தில் காமாலை கரையுமா? மூன்று நாள் கழித்து வந்தால், மூளை கெட்டதை எந்த வைத்தியன் திருப்புவான்? பிறகு “சனி பிடித்தது” என்பார்கள்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் கண்டாலும், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளித்தாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். ராகுகாலம் பார்க்க நேரமில்லை.