ஒரு மில்லிமீட்டரும் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்டும்

எங்க கிளைக்குப் புதுசா ஒரு பையன் வந்திருக்கான். மதுரைக்காரன். புனேயில தமிழ் பேச இன்னொரு ஆள் கிடைச்சதுல எனக்கும் சந்தோஷம், அவனுக்கும் சந்தோஷம். போன வாரம் மதிய சாப்பாட்டு நேரத்துல மொபைலை நீட்டி ஒரு போட்டோ காட்டினான். செகண்ட் ஹேண்ட்ல போலோ ஜிடி டிஎஸ்ஐ வாங்கியிருக்கான். அதுக்கு 17 அங்குல அலாய் வீல் போடப் போறானாம். கடையில பேசியாச்சாம், அட்வான்ஸ் மட்டும்தான் பாக்கியாம்.

"எப்படி சார் இருக்கு?"

"பி.சி.டி. என்ன தம்பி?"

"கன்மெட்டல் கிரே சார்."

சிரிச்சுட்டேன். ஆனா சிரிக்கற யோக்கியதை எனக்கு இல்லை. சில வருஷம் முன்னாடி நானும் இதே லட்சணத்துலதான் இருந்தேன். அந்தக் கதையைச் சொல்லிட்டு அப்புறம் மேட்டருக்கு வர்றேன்.

என் வண்டி அபார்த் புன்ட்டோ. 2015 அக்டோபர்ல ஃபியட் நம்ம நாட்டுல விட்ட வண்டி, பார்க்க சாதுவான ஹேட்ச்பேக், உள்ளே 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல், 145 குதிரைசக்தி. தயாரானது இங்கே புனேக்குப் பக்கத்துல ரஞ்சன்காவ்ல. பி.எஸ்.6 விதி வர்றதுக்கு முன்னாடியே ஃபியட் கடையைக் கட்டிட்டாங்க. நான் 2021-ல செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். பி.காம் படிச்சு, பாதி வாழ்க்கையை அடுத்தவங்க கார் லோன் ஃபைல்ல கையெழுத்துப் போட்டே கழிச்சவனுக்கு, தனக்குன்னு ஆசைப்பட்டு வாங்கின ஒரே வண்டி. (தங்கமணியோட கருத்து வேற. அது இங்கே தேவையில்லை.)

வாங்கின சூட்டுல வீல் மாத்தணும்னு ஒரு நமைச்சல். ஒரு டயர் கடையில கறுப்புக் கலர்ல பளபளன்னு நாலு வீல். கடைக்காரர் வீலைத் தூக்கி வண்டிப் பக்கத்துல வச்சுப் பார்த்தார். "சாலேல் சாஹேப்" என்றார். மராட்டியில சாலேல்னா 'ஓடும், பரவாயில்லை, பார்த்துக்கலாம்' எல்லாம் சேர்ந்த ஒரு வார்த்தை. நம்ம ஊர் 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்' இருக்கே, அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. பழைய வீலை எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கிட்டார். பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்ப இன்னும் ரெண்டு நாள் இருந்தது.

விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். தங்கமணி முன்னாடி, பசங்க ரெண்டு பேரும் பின்னாடி தூக்கத்துல. கத்ரஜ் தாண்டி வண்டி வேகம் பிடிச்சதும் ஸ்டியரிங்ல லேசா ஒரு அதிர்வு. 80-க்கு மேல போனா கை நடுங்குது, குறைச்சா நின்னுடுது. பாலன்சிங் சரியில்லை போலன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஷிர்வல் நெருங்கும்போது அதிர்வு சீட்டுக்கு வந்துடுச்சு. ஒரு டீக்கடை ஓரமா நிறுத்தி டார்ச் அடிச்சுப் பார்த்தா, இடது முன் வீல்ல ஒரு போல்ட்டை வெறுங்கையால திருக முடிஞ்சது. இன்னொண்ணு அரைச்சுற்று இளகி இருந்தது. அதுக்கு அடுத்தது கம்பாட்கி காட். அந்த மலைப்பாதையில லாரிகளுக்கு நடுவுல அந்த வீல் கழண்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்ப நினைச்சாலும் வயித்தைக் கலக்குது.

வண்டியைத் தட்டு லாரியில ஏத்திப் புனேக்குத் திரும்பினோம். பொங்கல் நேரத்துல ரயில்ல டிக்கெட் ஏது? நத்தத்துல அம்மா செஞ்ச பொங்கலை வீடியோ காலில் பார்த்தோம். வண்டியில இருந்து வீலைக் கழட்டித் திருப்பிப் போட்டப்பதான் பின்பக்கம் அச்சு வார்த்திருந்த எழுத்தைப் படிச்சேன்: 4 × 100. என் வண்டிக்கு வேண்டியது 4 × 98.

இதுதான் பி.சி.டி. முதல் எண் போல்ட் எத்தனைன்னு சொல்லும். ரெண்டாவது, அந்த போல்ட் துளைகளோட மையங்கள் வழியா ஒரு வட்டம் போட்டா அதோட விட்டம், மில்லிமீட்டர்ல. நம்ம ஊர்ல ஓடற சின்ன கார்கள் பலதுக்கும் 4 × 100 என்பதால கடைகள்ல அதுதான் குவிஞ்சு கிடக்கும். ஃபியட்டுக்கு 98. வட்டத்துல 2 மில்லி வித்தியாசம்னா ஒவ்வொரு துளையும் 1 மில்லி தள்ளி இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஏர் கன்னால அடிச்சு முடுக்கினா உள்ளேயும் போயிடும். ஆனா போல்ட் தலையோட கூம்பு வீல்ல இருக்கிற குழியில முழுசா உட்காராது, ஒரு பக்கமா சாய்ஞ்சு நிக்கும். ஓட ஓட அதிர்வுல இளகும். ஃபியட்ல வீலைப் பிடிக்கறது ஹப்புல இருந்து நீட்டிக்கிட்டு நிக்கற நட்டு வகையும் இல்லை, வெளியில இருந்து போய் முடுக்கற போல்ட். இளகினா நேரா கீழேதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு கிராமக் கிளையில இன்னும் லெட்ஜர் புத்தகம்தான். சாயந்திரம் டே புக் டேலி ஆகணும். ஒரு ரூபாய் இடிச்சாலும் மேனேஜர் விடமாட்டார். "ஒரு ரூபாய்தானே சார், நானே போட்டுடறேன்"னு ஒரு தடவை சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டேன். அந்த ஒரு ரூபாய்க்குப் பின்னாடி பத்தாயிரம் ரூபாய் வரவும் 9,999 ரூபாய் பற்றும் ஒளிஞ்சிருக்கலாம்ங்கறது அவரோட வாதம். டிரையல் பேலன்ஸ் இடிச்சா வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல தள்ளறதும் உண்டு, பி.காம் காரங்களுக்குத் தெரியும். தப்பு அங்கேயே இருக்கும், கணக்கு மட்டும் டேலி ஆன மாதிரி தெரியும். வீல் கடையில ஏர் கன் செய்யறது அதே வேலைதான். அப்படி வளர்ந்தவன், வீட்டு லோனுக்கு 30 வருஷ வில்லங்கம் பார்க்கறவன், நாலு வீலை வாங்கும்போது ஒண்ணையாவது திருப்பிப் பின்பக்கம் பார்க்கலையே! கடைக்காரர் மேல கோபம் இருந்தாலும் என் மேல இருக்கிற கோபம்தான் அதிகம்.

அதுக்கப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். வீல் பொருத்தம்ங்கறது கண்ணால பார்க்கற சமாச்சாரம் இல்லை, கிட்டத்தட்ட ஜாதகம் மாதிரி, ஒவ்வொரு கட்டமும் எண். பி.சி.டி. சரியா இருந்தாலும் நடுத் துளை இருக்கு. சென்டர் போர்னு சொல்வாங்க. புன்ட்டோவோட ஹப் 58.1 மில்லி, போலோவுக்கு 57.1. வெளியில விக்கற வீல்கள் பல வண்டிக்கும் பொதுவா இருக்கட்டும்னு 73.1 மாதிரி பெருசா துளை போட்டிருப்பாங்க. நடுவுல இருக்கிற இடைவெளிக்கு சரியான அளவுல வளையம் போடணும். வளையம் விலை சொற்பம். ஆனா கேட்டாத்தான் தருவாங்க, கேட்காட்டி 'சாலேல்'.

ஆஃப்செட்ல தான் பலபேர் கோட்டை விடறாங்க. வீலோட அகலத்துக்கு நட்டநடுக் கோட்டுல இருந்து, ஹப்புல ஒட்டற முகம் எவ்வளவு தள்ளி இருக்குங்கறதுதான் அந்த எண். ஒரு உதாரணக் கணக்கு: பழைய ரிம் 6 அங்குல அகலம், ஆஃப்செட் 45. புதுசு 7 அங்குலம், ஆஃப்செட் 35. அகலம் கூடினது 25.4 மில்லி, பக்கத்துக்கு 12.7. ஆஃப்செட் 10 குறைஞ்சதால வீல் முழுசும் 10 மில்லி வெளியே நகரும். ஆக வெளிப்பக்கம் 22.7 மில்லி நீட்டும், உள்பக்கம் 2.7 மில்லி மட்டும் கூடும். அந்த 22.7 மில்லிக்கு உங்க மட்கார்டுல இடம் இருக்கா? நிறுத்தி வச்ச வண்டியில பார்த்தா இருக்கும். பின் சீட்ல மூணு பேர், டிக்கியில அரிசி மூட்டை, ஸ்பீட் பிரேக்கர்னு வரும்போதுதான் டயர் உரசற சத்தம் கேட்கும்.

டயருக்கு வருவோம். என் வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 195/55 R16. மொத்த விட்டம் 621 மில்லி வரும். 17 அங்குலத்துக்குப் போனா 205/45 R17-ன்னா 616, வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. 205/50 R17-ன்னா 637, இரண்டரை சதவீதம் பெருசு. மீட்டர் 100 காட்டும்போது வண்டி அதுக்கும் இரண்டரை கிலோமீட்டர் கூடுதல் வேகத்துல போகும். சரி, 205/45 தான் ராசின்னு எடுத்துக்கிட்டா அங்கே ஒரு பொறி இருக்கு. பழைய டயரோட லோட் இண்டெக்ஸ் 87, அதாவது ஒரு டயர் 545 கிலோ தாங்கும். 205/45 R17-ல சாதாரண ரகம் 84 தான், 500 கிலோ. நாலு டயருக்கு 180 கிலோ தாங்குதிறன் குறைஞ்சுபோச்சு! எக்ஸ்.எல்.னு போட்ட ரகம் கேட்டு வாங்கினா 88, 560 கிலோ, ஆனா அதுக்குக் காத்தும் கொஞ்சம் கூடுதலா வைக்கணும். டயர் அகலமானா பலமும் கூடும்னு நாம நினைச்சுக்கறோம். பக்கவாட்டு உயரம் குறையறது யார் கண்ணுக்கும் படறதில்லை. 107 மில்லி ரப்பர் இருந்த இடத்துல 92 தான். புனே மழைக்காலக் குழியில அந்த 15 மில்லிக்கு விலை என்னன்னு ரிம் வளைஞ்சவங்களைக் கேளுங்க.

பிரேக் காலிப்பர்ல வீலோட ஆரம் இடிக்குதா, போல்ட் நீளம் போதுமா, இதெல்லாம் டயர் மாட்டறதுக்கு முன்னாடி வெறும் ரிம்மை வச்சே பார்த்துடலாம். கையால சுத்திப் பாருங்க. புன்ட்டோவோட போல்ட் மாதிரி 12 மில்லி பருமன், 1.25 மரைன்னா கையாலேயே எட்டுச் சுற்றாவது உள்ளே போகணும். கடைசி முடுக்கு டார்க் ரென்ச்சுல, மேனுவல்ல இருக்கிற அளவுக்கு. 50, 100 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி ஒரு தடவை. ரிம்மைப் பார்த்துத் திருப்தி ஆகாம டயர் மாட்டினா, கடைக்காரர் "டயர் ஏத்தியாச்சே சார், இனி வாபஸ் கிடையாது"ம்பார். எனக்கு அதுதான் ஆச்சு. பழைய வீலைத் திரும்ப வாங்க நான் கொடுத்தது எக்ஸ்சேஞ்சுல கிடைச்சதைவிட அதிகம்! அதனால 500 கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கற வரைக்கும் கம்பெனி வீலை யாருக்கும் தராதீங்க.

வங்கிக்காரன் என்கிற முறையில ரெண்டு வார்த்தை. லோன் பாக்கி இருக்கிற வண்டின்னா, நீங்க படிக்காம கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்து வண்டியை மாத்தறதைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை படிங்க. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை வச்சு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்கள் மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. இன்சூரன்ஸ்காரங்களுக்குச் சொல்லாம விலை உயர்ந்த வீல் போட்டா, அது திருடு போகும்போது உங்க பாலிசியில அப்படி ஒரு வீலே கிடையாது.

என் அபிப்பிராயம் கேட்டா, வேகமா போகற வண்டியில முதல்ல மாத்த வேண்டியது வீல் இல்லை, டயர். கம்பெனி அளவுலேயே நல்ல பிடிமானம் உள்ள டயர் போட்டா பிரேக் பிடிக்கறது, வளைவுல நிக்கறது எல்லாமே மாறும். விலை மலிவான பெரிய வீல் பெரும்பாலும் கனமா இருக்கும், 145 குதிரையில பாதியை அதைச் சுத்தவே செலவழிச்ச மாதிரி ஒரு மந்தம் வரும். இல்லை, பெருசாத்தான் வேணும்னா, அதே மாடலோட வேற வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுத்த அளவு என்னன்னு பார்த்து அங்கே நில்லுங்க. அழகு வேணாமான்னு கேட்பீங்க. வேணும்தான். எனக்கும் அந்தக் கறுப்பு வீல் இன்னும் அழகாத்தான் தெரியுது. பால்கனியில இருக்கு, தங்கமணி மேல துளசித் தொட்டி வச்சிருக்காங்க.

மதுரைப் பையன்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். பாதியில மொபைலை நோண்ட ஆரம்பிச்சுட்டான், சரி காது கேட்கலைன்னு விட்டுட்டேன். ஆனா ரெண்டாவது சனிக்கிழமை லீவுல டார்ச்சோட கடைக்குப் போயிருக்கான். வீலைத் திருப்பிக் காட்டச் சொன்னானாம். 5 × 112. போலோவுக்கு 5 × 100. கடைக்காரர் என்ன சொன்னார்னு கேட்டேன்.

"சாலேல்னார் சார். நான் வந்துட்டேன்."