செந்நிற வண்டிக்கு வழி எங்கே?



மயிலாப்பூரில் என் இளமைப் பருவம் கழிந்தது. தீயணைப்பு வண்டியின் மணியோசை கேட்டால் தெருவில் விளையாடிக்கொண்டிருந்த நாங்கள் அனைவரும் சுவரோடு சுவராக ஒட்டி நின்றுவிடுவோம். மாட்டு வண்டிக்காரரும் சைக்கிளில் செல்பவரும் தாமாகவே ஒதுங்குவர். அந்தச் சிவப்பு வண்டி எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியாது. எவர் வீட்டிலோ கண்ணீர் என்பது மட்டும் தெரியும். இன்று மணிக்குப் பதில் சைரன் அலறுகின்றது. ஆயினும் வழி விடுவோர் எத்தனை பேர்? இந்த வினாவை முன்வைத்தே இத்திங்கள் அவ்வண்டியின் கதையைச் சொல்ல விழைகின்றேன்.

மோட்டார் வண்டி தோன்றுவதற்கு முன் தீயணைப்புப் பம்புகளைக் குதிரைகள் இழுத்துச் சென்றன. நீராவிப் பம்பாயின் கொதிகலன் சூடேறும் வரை காத்திருக்க வேண்டும். 1904-இல் லண்டனை அடுத்த ஃபின்ச்லி என்னும் ஊருக்கு மெரிவெதர் நிறுவனம் பெட்ரோலில் ஓடும் தீயணைப்பு வண்டியைச் செய்தளித்தது. வண்டியை ஓட்டிய அதே எஞ்சின், நின்ற இடத்தில் பம்பையும் இயக்கியது. இதுவே அதன் சிறப்பு. 1908-இல் டென்னிஸ் நிறுவனம் தன் முதல் தீயணைப்பு வண்டியை பிராட்ஃபோர்டு நகருக்கு விற்றது. அதே 1908-இல்தான் நம் சென்னையில் தீயணைப்புப் படை அமைந்தது. ஆக, மோட்டார் வண்டியும் நம் நகரின் படையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வளர்ந்தவை.

படை அமைந்து ஆறு ஆண்டுகளே ஆன நிலையில், 1914 செப்டம்பர் 22 இரவில் 'எம்டன்' கப்பல் சென்னையின் மீது குண்டு வீசியது. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்தன. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றியிருந்த கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர்கள் உயிர் நீத்தனர். ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ஐத் தீயணைப்பு வீரர் நினைவு நாளாகக் கொள்வது இதனாலேயே.

நாடு விடுதலை பெற்றபின் வண்டிகளும் நம்முடையவையாயின. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தோன்றி, 1955-இல் அசோக் லேலண்டாக மாறிய எண்ணூர்த் தொழிற்சாலையின் லாரிச் சட்டங்களின் மீது நீர்த்தொட்டியும் பம்பும் பொருத்தப்பட்டன. நம் பிள்ளைகள் 'ஃபயர் இன்ஜின்' என்று கைகாட்டி மகிழும் வண்டி இவ்வகையினதே.

அவ்வண்டியைப் பற்றி நாம் அறிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. "பாதியிலேயே தண்ணீர் தீர்ந்துவிட்டதே!" என்று வீரர்களை ஏசுவோரைக் கண்டிருக்கின்றேன். வழக்கமான தண்ணீர் வண்டி ஒன்று 4,500 லிட்டர் கொள்ளும். அதன் பம்பு நிமிடத்துக்கு 1,800 லிட்டர் இறைக்கக்கூடியது. முழு வேகத்தில் இறைத்தால் இரண்டரை நிமிடத்தில் தொட்டி காலியாகிவிடும்! ஆகவேதான் ஒரு வண்டியின் பின் இன்னொன்றும், அவற்றின் பின் குடிநீர் வாரியத்தின் லாரிகளும் வரிசையாக வருகின்றன. ஒரு வண்டிக்கு மட்டுமன்றி அந்த வரிசைக்கே வழி வேண்டும்.

அடுத்தது ஏணி. மவுண்ட் ரோட்டில் 1959-இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடம் 1975 ஜூலை 11 அன்று தீப்பற்றியது. கட்டடம் உயர்ந்த அளவுக்குத் தீயணைப்பு ஏணி உயரவில்லை என்ற பாடத்தை நகரம் அன்று கற்றது. பின்னாளில் 54 மீட்டர் உயரம் எட்டும் 'ஸ்கை லிஃப்ட்' வண்டிகள் சென்னைக்கு வந்தன. ஆனால் அத்தகைய வண்டி கவிழாமல் நிற்க, இருபுறமும் இரும்புக் கால்களை விரித்து ஊன்றியாக வேண்டும். ஏணி எவ்வளவு உயர்கின்றதோ அவ்வளவுக்குத் தெருவும் அகன்றிருத்தல் வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

2012 ஜனவரி 16 அன்று சேப்பாக்கம் எழிலக வளாகத்தில், ஆர்க்காட்டு நவாபின் அரண்மனையைச் சேர்ந்த கலஸ் மஹால் எரிந்தது. அதில் தீயணைப்பு வீரர் ஒருவர் உயிர் துறந்தார். கோட்ட அலுவலர் பிரியா ரவிச்சந்திரன் கடுந் தீக்காயமுற்றார். பிறர் வெளியே ஓடிவரும் இடத்துக்குள் நுழைந்து செல்பவர்கள் அவர்கள்.

2017 மே 31 விடியற்காலையில் தியாகராய நகர் உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் கட்டடம் தீப்பற்றியது. மேல்தளத்தில் சிக்கிய ஊழியர்கள் மீட்கப்பட்டனர். தீயோ மறுநாள் வரை நீடித்தது. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. அகன்ற சாலையிலேயே இந்நிலை என்றால், அருகிலுள்ள ரங்கநாதன் தெருவின் பண்டிகைக் கால நெரிசலில் என்னவாகும்?

பிறரை மட்டும் குறை கூற நான் இதனை எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சந்தின் கடைசி வீட்டில் கேஸ் அடுப்பிலிருந்து தீ பரவியது. வண்டி விரைந்து வந்தது. சந்தின் முனையிலேயே நின்றுவிட்டது. இருமருங்கிலும் ஸ்கூட்டர்கள். வீரர்கள் குழாயைத் தோளில் சுமந்து ஓடினார்கள். நாங்கள் வண்டிகளைத் தூக்கி அப்புறப்படுத்தினோம். பூட்டியிருந்த வண்டி ஒன்றை நகர்த்த இயலாது போகவே, "யாருடையது?" என்று ஒருவர் கூவினார். அது என்னுடையது. சாவி மதரசாவில் என் மேசையில் இருந்தது. நல்வாய்ப்பாக உயிர்ச்சேதம் இல்லை. எனினும் அந்த மூதாட்டியின் வீட்டுச் சாமான்கள் யாவும் கரியாயின. "பரவாயில்லை தம்பி, உயிர் தப்பியதே போதும்" என்று அவர் என்னைத் தேற்றியபோது நான் தலை நிமிரவில்லை.

மறுநாள் வகுப்பில் என் மாணவர்களிடம் இதனை மறைக்காது கூறினேன். இப்போது எங்கள் சந்தில் ஒரு பக்கம் மட்டுமே வண்டிகள் நிற்கின்றன. ஒரு சிறுவன் நாள்தோறும் மாலையில் சரிபார்க்கிறான்!

வாசகரே, இன்றே செய்யத்தக்கவை சில. உங்கள் தெருவில் ஒரு லாரி நுழையும் இடம் உள்ளதா என்று பாருங்கள். மாடிப்படியின் கீழ் அடைத்த பழம்பொருள்களை அகற்றுங்கள். 101 என்னும் எண்ணைப் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். தெருவின் பெயரோடு அருகிலுள்ள அடையாளத்தையும் சொல்லப் பழக்குங்கள். தீயைக் கண்டவுடன், நாமே அணைத்துவிடலாம் என்று காலந்தாழ்த்தாமல் அழையுங்கள்.

குதிரை போய் மோட்டார் வந்தது. கை ஏணி போய் ஸ்கை லிஃப்ட் வந்தது. நூறாண்டு உழைப்பால் பெற்ற அந்த வேகத்தை, ஒரு பூட்டிய ஸ்கூட்டர் வீணாக்கிவிடலாகாது. இதனைப் படித்து முடித்ததும் ஒருமுறை வெளியே சென்று உங்கள் வாசலைப் பாருங்கள்.

அடுத்த திங்கள் சந்திப்போம்.