அரிசிப் பைக்குக் கீழே மேப்பிள் இலை



எங்கள் வீட்டுச் சமையலறை மூலையில் இருக்கும் இருபது இறாத்தல் அரிசிப் பையை இப்போது யாரும் அசைக்கக்கூடாது. மேலே இருந்து அரிசி அள்ளலாம், பையை நகர்த்தக்கூடாது. ஒன்பது வயது மகளின் கட்டளை அது. பைக்குக் கீழே ஒரு பலகை. பலகைக்குக் கீழே தமிழ்க் கடை வாசலில் எடுத்து வந்த இலவசப் பத்திரிகைகள். அந்தத் தாள்களுக்கு நடுவே, எங்கள் தெரு மரங்கள் ஒக்ரோபரில் உதிர்த்த மேப்பிள் இலைகள்.

இன்னும் சில கிழமைகளில் அவை வாழ்த்து மடல்களில் ஏறிவிடும். நத்தாருக்குச் சில, தைப்பொங்கலுக்குப் பல. மார்கழி பிறந்த பிறகு ஓடித்திரியாமல் இந்த மாதமே வேலையைத் தொடங்குங்கள் என்று சொல்லத்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

இலையைப் பதப்படுத்துவதில் பெரிய வித்தை கிடையாது. ஈரம் போகவேண்டும், இலை தட்டையாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். பத்திரிகைத் தாள் ஈரத்தை நன்றாக உறிஞ்சும். முதல் கிழமை ஒன்றுவிட்ட ஒரு நாள் தாளை மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அதன் பிறகு இரண்டு கிழமை தொடாமல் விட்டால் போதும். மினுமினுக்கும் விளம்பரத் தாள் இதற்குச் சரிவராது. அது ஈரத்தைக் குடிக்காது. சிவப்பு இலைகள் நிறத்தை ஓரளவுக்குக் காப்பாற்றிக்கொள்ளும். பச்சை இலைகள் பெரும்பாலும் பழுப்பாகிவிடும். பூக்களில் பான்சி போன்ற மெல்லிய இதழ்ப் பூக்கள் நன்றாக வரும். ரோசாவை முழுதாக வைத்தால் நடுப்பகுதி அழுகும், இதழ் இதழாகப் பிரித்துத்தான் வைக்கவேண்டும்.

ரோசா என்று எழுதும்போதே நாங்கள் இருக்கும் ஊரின் பழைய பட்டப்பெயர் நினைவுக்கு வருகிறது. 1860களில் எட்வர்ட் டேல் குடும்பம் தொடங்கிய பூந்தோட்டமும் அதன் கண்ணாடிக் கூடங்களும் வளர்ந்து வளர்ந்து, பிறம்ரனைக் கனடாவின் பூ நகரம் என்று சொல்ல வைத்தன. இங்கிருந்து ரோசாக்கள் ரயிலேறி ஊர் ஊராகப் போன காலம் ஒன்று இருந்தது. இன்று அந்தக் கூடங்கள் இல்லை. வீட்டு முற்றத்துச் சாடிகளில் நாம் வளர்க்கும் பூக்கள் இருக்கின்றன. அடுத்த கோடையில் அவற்றில் நாலைந்தை மறக்காமல் பத்திரிகைக்குள் வைத்துவிடுங்கள்.

இலை கிடைத்துவிட்டது. தாள்? கடைக்குப் போகுமுன் வீட்டு அலுமாரியைத் திறந்து பாருங்கள். கலியாண வீடு, சாமத்திய வீடு, அறுபதாம் கலியாணம், அரங்கேற்றம் என்று எத்தனை அழைப்பிதழ்கள்! ஒவ்வொன்றும் எவ்வளவு தடித்த, எவ்வளவு நல்ல தாள்! அரங்கேற்ற அழைப்பிதழ்கள் சில ஒரு சிறு புத்தகம் அளவுக்கு இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய இருந்தன. எறிய மனம் வராததற்குக் காரணம் உங்களுக்கும் தெரியும். முன்பக்கத்தில் பொன்னிறத்தில் பிள்ளையார் இருப்பார். அவரைக் குப்பையில் போட யாருக்குக் கை வரும்? அதனால் அவரை முதலில் கவனமாக வெட்டி எடுத்து வைத்துவிடுகிறோம். சித்திரை வருஷப் பிறப்புக்குக் கைவிசேஷம் வைத்துக் கொடுக்கும் உறைகளில் அவர் மறுபடியும் வந்து அமர்ந்துகொள்வார். மிச்சத் தாளில் மடலின் அடித்தளம், பரிசுப் பெட்டியின் மூடி, பெயர் எழுதிக் கட்டும் சிறு துண்டு எல்லாம் செய்யலாம். ஆண்டு முடிவில் சுவரிலிருந்து இறங்கும் நாட்காட்டிகளின் வெள்ளைப் பின்பக்கமும் உறை செய்ய உகந்தது.

தாளை மடிப்பதில் மட்டும் கொஞ்சம் மெனக்கெடச் சொல்வேன். கையால் செய்த மடல் அழகாக இருப்பதும் அலங்கோலமாக இருப்பதும் பெரும்பாலும் அந்த ஒரு மடிப்பில்தான் முடிவாகிறது. இயந்திரத்தில் செய்த தாளுக்குள் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். தாளை மடிக்காமல் இலேசாக வளைத்துப் பாருங்கள், முதலில் நீளவாக்கில், பிறகு அகலவாக்கில். எந்தப் பக்கம் முரண்டு பிடிக்காமல் வளைகிறதோ அந்த வாக்கில்தான் நார் ஓடுகிறது. மடிப்பும் அதே வாக்கில் விழுந்தால் கோடு கத்தி போல இருக்கும். குறுக்கே மடித்தால் தடித்த தாள் வெடித்துப் பிசிறு கிளம்பும். பத்திரிகைத் தாள் ஒரு பக்கம் நேராகக் கிழிவதும் மறுபக்கம் கோணலாகக் கிழிவதும் இதனால்தான்.

மடிக்குமுன், மை முடிந்த ஒரு குமிழ்முனைப் பேனையை எடுத்து, அடிமட்டம் வைத்து, மடிப்பு விழவேண்டிய இடத்தில் ஒரு முறை அழுத்தி இழுங்கள். தாளில் ஒரு சின்ன வாய்க்கால் விழும். பிறகு மடித்து, மடிப்பின் மேல் கரண்டியின் முதுகால் ஒரே இழுப்பாகத் தேயுங்கள். மகளுக்கு இந்தக் கரண்டி வேலைதான் மிகவும் பிடிக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு தேய்ப்பாள். மடிப்பு நேராக வந்துவிட்டால் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள்.

இதெல்லாம் நமக்குப் புதிய கைப்பழக்கம் இல்லை. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். மூங்கிலைச் சீவி, நூல் பிடித்து, ரிசுத்தாளை மாப்பசையால் சுருக்கம் விழாமல் ஒட்டிய விரல்கள் வாழ்த்து மடலுக்கு முன்னால் தயங்குமா? கோதுமை மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிண்டி இறக்கினால் பசை. குழந்தை வாயில் வைத்தாலும் பயமில்லை. பிறிஸ்ரல் போட், டிமைத் தாள் என்று நாங்கள் சொன்னவையெல்லாம் இங்கே ஒரு டொலர் கடையில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. ஊரில் ஒரு பிறிஸ்ரல் போட் வாங்கினால் அதன் ஓரத் துண்டுகளைக்கூடக் கொப்பிக்குள் சேர்த்து வைப்போம். காலில் தாள் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். நான் இன்னும் செய்கிறேன், மகளும் செய்கிறாள்.

தாள் எங்கிருந்து வருகிறது என்பதை அவளுக்குச் சொல்ல எனக்கு இரண்டு ஊர்களின் கதை இருக்கிறது. ஒன்று கிழக்கிலங்கையின் வாழைச்சேனை. 1950களில் அங்கே தொடங்கிய ஆலையில் வைக்கோலிலிருந்து தாள் செய்தார்கள். மாடு தின்னும் வைக்கோல் கொப்பியாகிறது என்பதை அவள் இலேசில் நம்பவில்லை. மற்றது இங்கேயே, ரொறன்ரோவின் டொன் ஆற்றங்கரையில் உள்ள ரொட்மோர்டன் ஆலைகள். 1827இல் அங்கே தாள் ஆலை ஒன்று எழுந்தது. மரக்கூழ் வழக்கத்துக்கு வராத காலம் அது. பழைய பருத்தி, லினன் துணிக் கந்தல்களைத்தான் கூழாக்கினார்கள். மரத்தை அரைத்துத் தாள் செய்யலாம் என்று காட்டிய முன்னோடிகளில் ஒருவரும் கனடாக்காரர்தான். நோவா ஸ்கோஷியாவின் சாள்ஸ் ஃபெனெர்ற்றி 1844இல் தன் கையால் செய்த மரக்கூழ்த் தாள் துண்டு ஒன்றை ஹலிஃபாக்ஸ் பத்திரிகைக்குக் கடிதத்தோடு அனுப்பிவைத்தார். கடிதத்துக்குள் வைத்து அனுப்பிய ஒரு சிறு தாள்! டொன் ஆற்றங்கரைக் கட்டடங்கள் இன்று அரும்பொருளகமாக இருக்கின்றன. பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள்.

கூழிலிருந்து தாள் செய்வதை வீட்டிலும் முயலலாம். பழைய தாளைக் கிழித்து இரவு முழுக்க ஊறவிட்டு, மிக்சியில் அடித்து, அகன்ற பாத்திரத் தண்ணீரில் கரைத்து, சட்டத்தில் இறுகக் கட்டிய வலையால் அள்ளி, துணியின் மேல் கவிழ்த்துக் காயவிடவேண்டும். கரடுமுரடாகத்தான் வரும். மிச்சக் கூழைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.

இனி மடலின் உட்பக்கத்துக்கு வருகிறேன். நான் உண்மையில் எழுத நினைத்தது இதைப் பற்றித்தான்.

கடைகளில் விற்கும் நத்தார் வாழ்த்து மடல் பிறந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்கு நத்தார்க் கடிதங்கள் குவிந்தன. எல்லாவற்றுக்கும் பதில் எழுத நேரம் இல்லை. ஜோன் ஹோர்ஸ்லி என்ற ஓவியரிடம் படம் வரைவித்து, வாழ்த்தையும் சேர்த்து அச்சடித்து, பெயரை மட்டும் நிரப்பி அனுப்பினார். மிச்சத்தை ஒன்று ஒரு ஷில்லிங்குக்கு விற்றார்கள். அதாவது, கடிதம் எழுத நேரமில்லாத ஒருவருக்காகப் பிறந்த பொருள் அது. வீட்டில் இருந்து நாம் செய்யும் மடலில் நேரத்தைத் தாராளமாகச் செலவழித்துவிட்டு, உள்ளே மட்டும் 'இனிய பொங்கல் வாழ்த்துகள்' என்று கணினியில் அடித்து ஒட்டிவிட்டால், கடிதம் எழுதும் இடத்தைக் கோட்டைவிட்டு விடுகிறோம்.

இங்கே வளரும் பிள்ளைகள் தமிழில் எதை எழுதுகிறார்கள்? சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள், சோதனை எழுதுகிறார்கள். ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துகிறார். அந்த ஆசிரியர்களின் உழைப்புக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனாலும் அந்த எழுத்துக்காக யாரும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. அம்மம்மாவுக்குப் போகும் மடலுக்காக ஒருவர் காத்திருக்கிறார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி, இரண்டு முறை வாசிப்பார். ழகரம் இடம்வலம் மாறியிருந்தாலும் வாசிப்பார்.

என்ன எழுதுவது என்பதில்தான் பிள்ளைகள் திணறுகிறார்கள். போன ஆண்டு என் மகள், 'அம்மம்மா, நான் உங்களை நேசிக்கிறேன்' என்று எழுதினாள். ஆங்கிலத்தில் தினமும் சொல்வதைத் தமிழாக்கியிருக்கிறாள், பிழை சொல்ல ஒன்றுமில்லை. என்றாலும் நம் வீடுகளில் அதை யார் அப்படிச் சொன்னார்கள்? 'சாப்பிட்டியா' என்று கேட்டார்கள். 'மழைக்குள்ளை நிக்காதை' என்றார்கள். நான் அவளுக்கு வேறொரு மடலைக் காட்டினேன்.

1993ஆம் ஆண்டுத் தைப்பொங்கலுக்கு நான் செய்தது அது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் போரும் பொருளாதாரத் தடையும் இருந்த காலம். கொப்பியும் பென்சிலும் தங்கம் போல. கொப்பியின் நடுத்தாளை ஊக்குக் கம்பியிலிருந்து மெல்ல உருவி எடுத்து, செவ்வரத்தம்பூ இதழைத் தேய்த்து ஊதா நிறமும், அதன் மேல் தேசிக்காய்ச் சாறு தொட்டு இளஞ்சிவப்பும் எடுத்து, மஞ்சளால் ஒரு சூரியன் வரைந்து, மிச்ச ரிசுத்தாளில் ஒரு குட்டிப் பட்டம் ஒட்டியிருந்தேன். கனடாவுக்கு வந்துவிட்ட அண்ணாவுக்காகச் செய்தது. கிளாலிக் கடலேரியால் வள்ளத்தில் ஏறிக் கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினோம். போய்ச் சேர்ந்ததா என்றே பல காலம் தெரியாது. நான் இங்கே வந்து இறங்கிய கிழமை, அண்ணா ஒரு பிஸ்கற் ரின்னைத் திறந்து அதை எடுத்துக் காட்டினார்.

செவ்வரத்தை நிறம் பழுப்பாகியிருந்தது. பட்டத்தின் வாலைக் காணவில்லை. உள்ளே நான் எழுதியிருந்தது இதுதான்: 'அண்ணா, உங்கட சைக்கிளுக்கு ரியூப் இல்லை. மாட்டுக் கொட்டிலுக்குள்ளை சாக்குப் போட்டு மூடி வைச்சிருக்கிறம். நான் கிழமைக்கு ஒருக்காத் தூசு தட்டுறனான்.' பொங்கல் வாழ்த்து என்ற சொல்லே அதில் இல்லை. எழுத மறந்திருக்கிறேன். அண்ணா அதைத் தன் முதல் குளிர்காலத் தொழிற்சாலை வேலைக்கு யக்கெற் பையில் வைத்துக்கொண்டு போனாராம்.

மகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, 'அந்தச் சைக்கிள் இப்ப எங்கை?' என்று கேட்டாள். பிறகு தன் மடலை எடுத்து, முதல் வரியை அழிக்காமல் அதற்குக் கீழே எழுதினாள்: 'அம்மம்மா, நீங்க தந்த கறிவேப்பிலைக் கன்று குளிருக்கு வீட்டுக்குள்ள வந்திட்டுது. நான்தான் தண்ணி ஊத்துறன்.' அதில் இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. நான் திருத்தவில்லை. திருத்தச் சொல்லி யாரும் எனக்குப் புத்தி சொல்லவேண்டாம்.

வாசகர்களே, பிள்ளைகளிடம் இதை மட்டும் கேளுங்கள்: உனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை எழுது. ஒரு தோசை, ஒரு விழுந்த பல், ஒரு செடி. எழுத வராத பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் புள்ளியிட்டுக் கொடுங்கள், அவர்கள் அதன் மேல் வரையட்டும். ஒரு மடலுக்கு இரண்டு வரி போதும்.

தபாலில் அனுப்புபவர்களுக்குச் சில சொற்கள். கனடாவுக்குள் சாதாரணக் கடிதமாக அடிப்படைக் கட்டணத்தில் போகவேண்டுமானால் எடை 30 கிராமைத் தாண்டக்கூடாது, தடிப்பு 5 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. உறையின் நீளம் 245, அகலம் 156 மில்லிமீற்றருக்குள் இருக்கவேண்டும். பொத்தான், மணி, தடித்த நாடா எல்லாம் வைத்து ஒட்டினால் கூடுதல் முத்திரை வேண்டிவரும். உலர்ந்த இலையை மடலின் வெளியே ஒட்டாமல் உள்ளே ஒட்டி, மேலே ஒரு மெல்லிய தாள் வைத்து மூடுங்கள், நொறுங்காது. மினுக்குத் தூள் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது பெரும்பாலும் பிளாஸ்ரிக், தாளோடு சேர்த்து மறுசுழற்சிக்குப் போட முடியாது. மஞ்சளும் பீற்றூட்டும் தேயிலைச் சாயமும் வீட்டில் இருக்கும்போது அது எதற்கு? ஊருக்கு அனுப்புவதை இந்த மாதமே அனுப்பிவிடுங்கள்.

உங்கள் பிள்ளைகளின் மடல்களைப் படம் பிடித்து எங்களுக்கு அனுப்பினால் தை இதழில் வெளியிடுவோம். முன்பக்கத்தை மட்டும் அனுப்பினால் போதும். உள்ளே இருப்பது யாருக்கோ அவர் முதலில் வாசிக்கட்டும்.

எங்கள் அரிசிப் பையில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. பாரம் போதாமல் இலை சுருண்டுவிடும் என்று மகளுக்குக் கவலை. நேற்று மாப் பையையும் தூக்கி அதற்கு மேலே வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
ஆசிரியர்