வாசிக்கும் இயந்திரமும் எழுதப்படாத வரலாறும்

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டொம் மிச்செல் தலைமையிலான குழு, 2010 ஜனவரியில் 'நெல்' என்ற கணினித் திட்டத்தை ஆரம்பித்தது. (நம் வயல் நெல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை, அது ஆங்கில முதலெழுத்துகளின் சேர்க்கை.) இரவுபகலாக இணையப் பக்கங்களை வாசித்து, எது நகரம், எது நோய், எவர் எந்த அணியின் வீரர் என்பவற்றைத் தானாகவே கற்பது அதன் பணியாக இருந்தது.

அது விட்ட தவறொன்று கவனத்திற்குரியது. ஆங்கிலத்தில் 'குக்கி' என்பது பிஸ்கட்டையும் குறிக்கும்; இணைய உலாவி கணினியில் பதிக்கும் சிறு கோப்பையும் குறிக்கும். பின்னையதையும் தின்பண்டமென நம்பிய நெல், கணினிக் கோப்புகளையும் அதே பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஒரு பிழை அடுத்த பிழைக்குச் சான்றாயிற்று. மனிதர் தலையிட்டே திருத்த வேண்டியிருந்தது.

ஒரு கூற்று பல இடங்களில் திரும்பத் திரும்பக் காணப்பட்டால் நெல்லின் நம்பிக்கை வலுப்பெறும். இன்றைய பெரும் மொழி மாதிரிகள் வேறு விதமாக இயங்கினும், அடிக்கடி எழுதப்பட்டதே அவற்றிலும் ஆழப் பதிகின்றது. நாம் அஞ்சுவது இதற்கே. 1981 இல் யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டமை பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் கதைகளுள் எத்தனை, அவர்களாலேயே, தமிழில், இணையத்தில் எழுதப்பட்டுள்ளன?

'நூலகம்' திட்டம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் ஏற்றி வருகின்றது. அதன் கைக்கு எட்டாத பாடசாலை மலர்களும் பள்ளிவாசல் குறிப்பேடுகளும் இன்னமும் வீடுகளில் கறையானுக்கு இரையாகின்றன.